ஸ்லிங் கலக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சிங்கப்பூர் ஸ்லிங் வெளிறிப்போகிறதென்று கிரனடினைக் கூட்டி ஊற்றினாயாம். நிறம் வந்துவிட்டது, வாடிக்கையாளர்தான் பாதிக் கிளாஸோடு எழுந்து போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். பார் வேலைக்கு வந்த புதிதில் நானும் செய்த தப்புதான் இது.

முதலில் அளவைப் பிடி. ஜின் 30 மி.லி., செர்ரி லிக்கர் 15, குவான்ட்ரோ 7.5, பெனடிக்டின் 7.5, அன்னாசிச் சாறு 120, எலுமிச்சைச் சாறு 15, கிரனடின் 10, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ஓர் உதறல். இந்த 7.5-ஐ மட்டும் கண்ணளவில் ஊற்றாதே, அளவுக் கிண்ணமான ஜிகரை எடு. பெனடிக்டின் மூலிகை மது; கொஞ்சம் கை தவறினாலும் கஷாய வாடை தூக்கும்.

கிரனடின் மாதுளைப் பாகு. கூட்டினால் சிவப்போடு இனிப்பும் ஏறும். நிறம் குறைந்தால் செர்ரி பாட்டிலைச் சந்தேகப்படு. கோபன்ஹேகனில் 1818-இல் தொடங்கிய ஹீரிங் போன்ற நல்ல செர்ரி லிக்கரில் ஆழ்ந்த சிவப்பும் இருக்கும், பழத்தின் புளிப்பும் இருக்கும். மலிவுச் சரக்கில் சாயமும் சர்க்கரையும்தான். அன்னாசியை அன்றன்றைக்குப் பிழி. ஐஸோடு ஷேக்கரில் கை வலிக்கக் குலுக்கு. மேலே இளஞ்சிவப்பு நுரை தானாக நிற்கும். பழம் அதிகம் இனித்தால் எலுமிச்சையைத் துளித்துளியாகக் கூட்டி, ருசி பார்த்து நிறுத்து.

எது அசல் ஸ்லிங் என்று யாரோடும் மல்லுக்கு நிற்காதே. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஙியாம் டோங் பூன் என்ற ஹைனான் சீனர் 1915-இல் இதைக் கலந்தார் என்பது ஹோட்டல் சொல்லும் வரலாறு. 1922-இல் ராபர்ட் வெர்மேரின் காக்டெயில் புத்தகத்தில் வந்த, இதன் முன்னோடி எனப்படும் ஸ்ட்ரெய்ட்ஸ் ஸ்லிங்கிலோ அன்னாசியே இல்லை, சோடாதான்.

ஆனால் ஹோட்டல் சொல்லும் அந்த வரலாற்றில் ஒன்றை மனதில் வை. பெண்கள் பலர் முன்னால் மது அருந்துவது மரியாதைக் குறைவு என்றிருந்த காலத்தில், பழச்சாறு போலத் தெரியவேண்டும் என்றே ஙியாம் இதற்கு இந்த நிறம் கொடுத்தாராம். ஊர்க் கண்ணுக்கு முன்னால் இழுத்துவிட்ட திரை அது. திரைக்குப் பின்னால் இருப்பது என்னவென்று குடித்த பெண்களுக்குத் தெரியும். உன் கவுண்டருக்கு வருகிறவருக்குத் தெரியாமல் இருக்கலாம். 30 மி.லி. ஜின்தானே என்று நீயே நினைப்பாய். ஜின், செர்ரி, குவான்ட்ரோ, பெனடிக்டின் என நான்கு மதுவின் ஆல்கஹாலையும் கூட்டிப் பார்: 50 மி.லி.க்கு மேல் ஜின் குடித்த கணக்கு. அன்னாசி அதை நாக்குக்குக் காட்டாது.

ஆகவே இரண்டாவது கிளாஸ் கேட்பவரிடம் அந்தக் கணக்கைச் சிரித்த முகத்தோடு சொல். தண்ணீரையும் பக்கத்தில் நகர்த்தி வை.

அடுத்த கடிதத்தில் நிறம் எப்படி வந்தது என்று எழுதவேண்டாம். முதல் கிளாஸ் காலியாகத் திரும்பியதா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்