ஆழ்துளைக் கிணறு அமைக்கும் முறை

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த கேமரன் மலையின் வடபகுதியில், பேராக் எல்லையை அடுத்து அமைந்துள்ளது கம்போங் ராஜா. தேயிலைத் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும், கனமழைக்குப் பின் மலையோடைகள் மண் கலந்து ஓடுகின்றன. சரிவுகளில் இடப்படும் உரமும் கோழி எருவும் பூச்சி மருந்தும் மழைநீரோடு ஓடையை அடைகின்றன. எனவே, நீர் நிறைந்திருப்பது வேறு. குடிக்கத்தக்க நீர் கிடைப்பது வேறு. இவ்வேறுபாட்டை ரப்பர் தோட்ட மக்களும் அறிந்திருத்தல் நன்று.

நிலத்தின் ஆழத்திலுள்ள நீரைப் பெறும் வழிகளுள் ஒன்று ஆழ்துளைக் கிணறு. அது எவ்வாறு அமைக்கப்படுகிறது என்பதை இங்குக் காண்போம்.

பாறைக்குள் நீர் இருக்கும் விதம்

கேமரன் மலை பெரும்பாலும் கருங்கல் பாறையால் ஆனது. மேற்புறத்தில் அப்பாறை நெடுங்காலமாகச் சிதைந்து மண்ணாகியுள்ளது. அதன் அடியில் உறுதியான பாறை இருக்கிறது. அப்பாறையில் ஆறோ குளமோ இல்லை. அதன் வெடிப்புகளில் மட்டுமே நீர் தங்கியுள்ளது.

ரப்பர் மரத்தை எண்ணிப் பாருங்கள். மரம் முழுவதிலும் பால் இல்லை. பட்டைக்குள் இருக்கும் நுண்ணிய பாற்குழாய்களைக் கத்தி தொட்டால்தான் பால் வடியும். அதுபோலவே, துளை வெடிப்பைத் தொட்டால்தான் நீர் கிடைக்கும். ஓரிடத்தில் நீர் தரும் கிணறு இருக்க, சிறிது தொலைவில் தோண்டிய கிணறு வறண்டு போவதன் காரணம் இதுவே. ஆகவே, குச்சியையும் தேங்காயையும் கையில் ஏந்தி நீரோட்டம் பார்ப்பதற்கு அறிவியல் சான்று இல்லை. நிலத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, அதன் தடையை அளந்து, ஈரமுள்ள அடுக்குகளைக் கணிப்பதே வல்லுநர் கையாளும் முறைகளுள் ஒன்றாகும்.

துளையிடும் படிகள்

முதலாவது, இடத்தைத் தெரிந்தெடுத்தல். கிணறு, கழிவறைக் குழி, மாட்டுக் கொட்டகை, எருக்குவியல் ஆகியவற்றிற்கு மேட்டுப்புறத்தில் இருக்க வேண்டும். அவற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளியிருப்பது நலம்.

இரண்டாவது, துளையிடுதல். கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்த இயந்திரம் நீண்ட இரும்புத் தண்டின் வழியே காற்றைக் கீழே செலுத்துகிறது. தண்டின் நுனியிலுள்ள சம்மட்டி அக்காற்றின் விசையால் பாறையை இடைவிடாது இடிக்கிறது, தண்டும் சுழல்கிறது. நொறுங்கிய கல்தூளைக் காற்று மேலே தள்ளுகிறது. வெடிப்பைத் தொட்டதும் தூளுடன் நீரும் பீறிட்டு வரும். எந்த ஆழத்தில் எவ்வகைக் கல் வந்தது, எங்கே நீர் வந்தது என்பவற்றை உடனுக்குடன் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது, உறைக்குழாய் இறக்குதல். மேற்புற மண் சரிந்து துளை மூடிவிடாதபடி, உறுதியான பாறையை எட்டும் வரை இரும்பு அல்லது பிளாஸ்டிக் குழாய் இறக்கப்படும்.

நான்காவது, இடைவெளியை அடைத்தல். இதுவே யாவற்றினும் முதன்மையானது. உறைக்குழாய்க்கும் துளையின் சுவருக்கும் இடையே வெற்றிடம் இருக்கும். அதனைச் சிமெண்டுக் குழம்பால் அடைக்காவிடில், எருவும் கழிவும் கலந்த மேல்நீர் அவ்வழியே நேராகக் கீழிறங்கும். நூறு மீட்டர் ஆழக் கிணறாயினும் அது வாய்க்கால் நீரையே தரும். குழம்பை மேலிருந்து கொட்டாமல், சிறு குழாய் வழியே அடியிலிருந்து மேலாக நிரப்புதல் வேண்டும். கிணற்றைச் சுற்றி, நீர் வெளிப்புறமாக வழிந்தோடும் வகையில் சாய்வான சிமெண்டுத் தளமும் அமைக்க வேண்டும்.

ஐந்தாவது, கழுவுதலும் சோதித்தலும். கலங்கல் நீங்கித் தெளியும் வரை நீரை வெளியேற்றிய பின், பம்பைப் பல மணி நேரம் தொடர்ந்து இயக்கி, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என அளக்க வேண்டும். கணக்கு எளியது. இருபது வீடுகள், வீட்டுக்கு ஐவர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் எனின், தேவை 10,000 லிட்டர். மணிக்கு 1,000 லிட்டர் தரும் கிணறாயின், பம்பு பத்து மணி நேரம் ஓட வேண்டும். இதற்கேற்ற தொட்டியும் தேவை. கிணறு தருவதை விட மிகுதியாக இறைத்தால் பம்பு வறண்டு பழுதாகும்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

அன்று. பயன்படுத்துமுன் குளோரின் இட்டுக் கிணற்றைத் தூய்மை செய்து, நீரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். 100 மில்லி லிட்டர் குடிநீரில் மலக்கிருமி ஒன்றேனும் இருத்தலாகாது. உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட் என்னும் உப்புக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதன் அளவு லிட்டருக்கு 50 மில்லி கிராமைத் தாண்டலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. மிகுந்தால், புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பூக்கும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், நைட்ரேட்டோ நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

நமது கடமை

தோட்டத் தொழிலாளருக்குக் குழாய் நீர் போதிய அளவில் இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்பதை, தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரங்களுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டம் நிர்வாகத்தின் பொறுப்பாக்கியுள்ளது. கிணறு அமைப்போர் கனிம, புவி அறிவியல் துறையை முன்கூட்டியே அணுகி, விதிமுறைகளையும் ஆலோசனையையும் கேட்டறிதல் வேண்டும்.

உங்கள் லயத்திற்குக் கிணறு தோண்டப்படுமாயின், பொறுப்பாளர் ஒருவர் சிமெண்டுக் குழம்பு நிரப்பும் வேளையில் உடனிருந்து பார்ப்பாராக. பம்பையும் தொட்டியையும் என்றும் காணலாம், பழுதும் பார்க்கலாம். மண்ணுக்குள் மறைந்துவிடும் அடைப்பை அந்த ஒரு நாள் மட்டுமே காண இயலும். ஆழத்தின் விவரக்குறிப்பையும் நீர்ச் சோதனை முடிவையும் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்து வைப்பீர்களாக. ஆண்டுக்கு ஒருமுறையேனும் நீரை மீண்டும் சோதிக்கச் செய்வதும் நம் பிள்ளைகளின் நலனைக் காக்கும்.