ஐந்தே முறைதான்: டிவிடி ரீஜன் பற்றிப் புதியவர்களுக்கு

அக்கா டொராண்டோவில், அண்ணன் லண்டனில், சித்தப்பா மகள் சிங்கப்பூரில், அத்தை மகன் மெல்போர்னில், அம்மா திருச்சியில். இப்படி ஒரு குடும்பத்தை நம் பக்கத்தில் தேடி அலைய வேண்டியதில்லை. டிவிடிக்காக உலகத்தைக் கூறு போட்டவர்களின் கணக்கில் இந்த ஐந்து பேரும் ஐந்து ரீஜன்காரர்கள். கனடா 1, இங்கிலாந்து 2, சிங்கப்பூர் 3, ஆஸ்திரேலியா 4, இந்தியாவும் இலங்கையும் 5. அக்கா காசு கொடுத்து வாங்கி அனுப்பிய தட்டு அம்மா வீட்டுக் கணினியில் ஓடவில்லை என்றால், தட்டிலும் குறையில்லை, கணினியிலும் குறையில்லை. இடையில் ஒரு பூட்டு இருக்கிறது.

கணினி பழுது பார்க்கும் கடையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். கடையை மூடிய பிறகும் வீட்டுக்குத் தேடி வருகிறார்கள். அப்பாவின் பீரோவில் கிடைத்த தட்டுகளைப் போட்டுப் பார்க்க ஆசைப்படும் இருபது வயதுப் பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் சிறிய பூமி உருண்டைப் படம் இருக்கும். அதற்குள் ஒரு எண். அந்த எண்தான் தட்டின் ரீஜன். சில தட்டுகளில் 2, 4 என்று இரண்டு எண்கள் சேர்ந்திருக்கும். அவை இரண்டு இடத்திலும் ஓடும். 0 என்றோ 'ஆல்' என்றோ போட்டிருந்தால் பூட்டே கிடையாது. தமிழ், இந்திப் படத் தட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். லண்டனில் விற்றாலும் சென்னையில் விற்றாலும் எங்கும் ஓடட்டும் என்றே நம் படக்காரர்கள் வெளியிட்டார்கள். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் ரசிகர்களைத் தெரிந்தவர்கள் அவர்கள். ஹாலிவுட் படங்கள், வெளிநாட்டுத் தொலைக்காட்சித் தொடர்கள், அமெரிக்காவின் க்ரைட்டீரியன் போன்ற நிறுவனங்கள் தரும் பழைய உலகப் படங்கள், இவற்றில்தான் சிக்கல் வரும். 6 சீனாவுக்கு. 8 விமானத்துக்கும் கப்பலுக்கும். 7 எந்த நாட்டுக்கும் இல்லை.

2. ஓடாத தட்டெல்லாம் ரீஜன் தட்டு அல்ல. இதை இரண்டாவதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு குடும்பத்தில் மகளின் கல்யாண டிவிடி ஓடவில்லை. பையன் எங்கேயோ ரீஜன் என்று கேள்விப்பட்டு டிரைவின் ரீஜன் எண் 5-ஐ 1 ஆக்கினான், ஓடவில்லை. 2 ஆக்கினான், 3 ஆக்கினான், 4 ஆக்கினான். கடைக்குக் கொண்டுவந்தபோது டிரைவில் ரீஜனை மாற்ற ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். வீடியோ எடுத்தவர் கணினியில் எழுதித் தரும் கல்யாணத் தட்டில் ரீஜன் பூட்டு இருப்பதே இல்லை. அவர் தட்டை 'ஃபைனலைஸ்' செய்யாமல், அதாவது எழுதி முடித்து மூடாமல், கொடுத்திருந்தார், அவ்வளவுதான். எழுதிய இடத்திலேயே கொடுத்து முடித்து வாங்கியதும் ஓடியது. கீறல், அழுக்கு, லென்ஸில் தூசு என்று வேறு காரணங்களும் உண்டு. இன்னொன்று: 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் விண்டோஸோடு சேர்த்துத் தருவதில்லை. தட்டைப் போட்டால் உள்ளே கோப்புறைகள் தெரியும், படம் ஓடாது. அதற்கும் ரீஜனுக்கும் சம்பந்தமில்லை. ரீஜன் தவறு என்றால் பெரும்பாலும் மென்பொருள் அதை வெளிப்படையாகவே சொல்லிவிடும்.

3. பால், என்டிஎஸ்சி என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது பழைய டிவிப் பெட்டியின் கவலை. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

4. பூட்டு எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். தொடக்க காலத்து டிரைவ்களுக்கு ரீஜன் என்றால் என்னவென்றே தெரியாது. படம் ஓட்டும் மென்பொருள்தான் எண்ணைப் பார்த்தது. அந்த டிரைவ்களுக்கு ஆர்பிசி-1 என்று பெயர். 2000 ஜனவரி 1 முதல் தயாரான டிரைவ்களில் பூட்டை டிரைவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அது ஆர்பிசி-2. இன்று உங்கள் கையில் இருப்பது அநேகமாக அதுதான். ரீஜன் எண்ணும், எத்தனை முறை மாற்றினீர்கள் என்ற கணக்கும் டிரைவின் சொந்த நினைவகத்தில் பதிந்திருக்கும். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டாலும் அந்தக் கணக்கு அழியாது. டிரைவைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கணக்கும் கூடவே போகும். 'ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும்' என்று சொல்லிக் காசு வாங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

5. ஐந்தே முறைதான் மாற்றலாம். இதை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி டிரைவின் மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸுக்குள் போனால் 'டிவிடி ரீஜன்' என்று ஒரு பக்கம் இருக்கும். இப்போதைய ரீஜன் எது, இன்னும் எத்தனை மாற்றம் மிச்சம் என்று இரண்டு வரி அங்கே காட்டும். பார்ப்பதற்குச் செலவில்லை. மாற்றி ஓகே கொடுத்தால்தான் ஒன்று குறையும். மேக் கணினியில் வேறு ரீஜன் தட்டைப் போட்டதுமே மாற்றட்டுமா என்று கேட்டு, மிச்சக் கணக்கையும் காட்டும். லினக்ஸில் ரீஜன்செட் என்ற சிறு நிரல் இந்த வேலையைச் செய்யும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அக்கா அனுப்பிய தட்டுக்காக 5-லிருந்து 1-க்குப் போனால் ஒன்று போயிற்று. ஊருக்குத் திரும்பி வர, அதாவது மறுபடியும் 5 ஆக்க, இன்னொன்று. ஆக ஒரு படம் பார்க்க இரண்டு வாய்ப்பு. இரண்டு தடவை போய் வந்தால் நான்கு தீர்ந்தது. ஐந்தாவது முறை போனவர் திரும்பவே முடியாது. டிரைவ் அந்த ரீஜனிலேயே உறைந்துவிடும். டிரைவ் தயாரிப்பாளர் மனது வைத்தால் கணக்கை மறுபடி தொடங்கித் தர இடமுண்டு என்று விதி சொல்கிறது. என் கடைக்காலம் முழுவதும் அப்படி ஒருவர் செய்து தந்து நான் பார்த்ததில்லை. அதனால் அதை வாய்ப்பாக எண்ணவே வேண்டாம்.

6. வீட்டுக்கு இரண்டு டிரைவ் வையுங்கள். என் அறிவுரைகளில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் இன்றும் கடையில் கிடைக்கிறது. குடும்பத்தோடு ஒருமுறை சினிமாவுக்குப் போய்வரும் செலவுக்குள் முடிந்துவிடும். பழையதை 5-லேயே விட்டுவிடுங்கள். புதியதை உங்கள் உறவு எந்த நாட்டில் அதிகமோ அந்த எண்ணில் ஒரே ஒருமுறை வைத்துவிட்டு, மேலே ஸ்டிக்கர் ஒட்டி '1' என்றோ '2' என்றோ எழுதுங்கள். பிறகு இரண்டையும் தொடவே தேவையில்லை. இதில் உடைப்பது ஒன்றுமில்லை, தந்திரம் ஒன்றுமில்லை, சட்டக் கேள்வியும் எழுவதில்லை.

7. விஎல்சியைப் போட்டுப் பாருங்கள். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கி, 2001 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட மென்பொருள் அது. அதற்குள் லிப்டிவிடிசிஎஸ்எஸ் என்று ஒரு நூலகம் இருக்கிறது. டிவிடியின் படத்தை 40 பிட் சாவியால் பூட்டியிருப்பார்கள். அந்தச் சாவியைத் தானே கணக்கிட்டுக் கண்டுபிடிக்கக்கூடியது அந்த நூலகம். அதனால் பல டிரைவ்களில் ரீஜனை மாற்றாமலே வெளிநாட்டுத் தட்டு ஓடிவிடும். எல்லா டிரைவிலும் என்று சொல்ல மாட்டேன். ரீஜன் பொருந்தாவிட்டால் பூட்டிய பகுதியைப் படிக்கவே விடாத பிடிவாதக்கார டிரைவ்களும் உண்டு. உங்களுடையது எந்த வகை என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஓகே பொத்தானை அழுத்தும் முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

8. ஃபர்ம்வேரில் கை வைக்காதீர்கள். டிரைவின் உள் நிரலை மாற்றி ஆர்பிசி-1 ஆக்கிவிடும் கோப்புகள் ஒரு காலத்தில் கைக்குக் கை சுற்றின. நானும் ஒன்றைப் போட்டேன், வாடிக்கையாளர் ஒருவரின் டிரைவில். பாதி எழுதும்போது மின்சாரம் போயிற்று. யுபிஎஸ் பேட்டரி செத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. திரும்ப மின்சாரம் வந்தபோது அந்த டிரைவைக் கணினி அடையாளமே காணவில்லை. புது டிரைவ் வாங்கிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும் அந்த நாள் எனக்கு மறக்கவில்லை. அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

9. சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் 65ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது அது. நோக்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அமெரிக்காவின் 1998 சட்டம் இன்னும் கடுமையானது. ஆஸ்திரேலியா 2006-லும் நியூசிலாந்து 2008-லும் சட்டம் திருத்தியபோது, சந்தையைக் கூறு போடுவதற்கான ரீஜன் பூட்டுக்குப் பாதுகாப்பு தேவையில்லை என்று ஒதுக்கி வைத்தன. நார்வேயில் யோன் லெக் யோஹான்சென் என்ற பையன், பதினைந்து வயதில், 1999-ல் டிவிடி பூட்டைத் திறக்கும் நிரலை மற்றவர்களோடு சேர்ந்து வெளியிட்டான். வழக்குப் போட்டார்கள். 2003 ஜனவரியில் ஒருமுறை, அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் மறுமுறை, இரண்டு நீதிமன்றமும் அவனை விடுவித்தன. காசு கொடுத்து வாங்கிய தட்டைப் பார்ப்பது வேறு, நகல் எடுத்து விற்பது வேறு. இரண்டாவதற்கு என்னிடம் யோசனை கேட்டு வராதீர்கள்.

என் மனதில் உள்ளதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் படம் அமெரிக்கத் தியேட்டரில் ஓடி முடிந்து தட்டு வரும்போது மற்ற நாடுகளில் அது திரைக்கே வந்திருக்காது. அந்த வசூலைக் காக்கத்தான் இந்தப் பூட்டு என்றார்கள். நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கவும் அது உதவியது. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுப் பழைய கறுப்புவெள்ளைப் படத்துக்கும் அதே பூட்டைப் போட்டார்களே, அது எந்த வசூலைக் காக்க? சென்னை பர்மா பஜாரில் விற்ற திருட்டுத் தட்டில் பூட்டே இல்லை. கடையில் ரசீது வாங்கிய மனிதர்தான் மாட்டிக்கொண்டார். இது அநியாயம். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

10. ப்ளூரே வேறு கணக்கு. அங்கே ஏ, பி, சி என்று மூன்றே பிரிவு. இந்தியா சி, அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. கணினியில் அதைப் பார்ப்பது டிரைவ் அல்ல, படம் ஓட்டும் மென்பொருள். 4கே ப்ளூரே தட்டுகளில் ரீஜன் இல்லவே இல்லை.

11. கடைசியாக ஒரு வேண்டுகோள். இப்போது வரும் பெரும்பாலான மடிக்கணினிகளில் டிவிடி டிரைவ் கிடையாது. பழைய கணினியை எடைக்குப் போடும்போது டிரைவைக் கழற்றி எடுத்து வையுங்கள்; அதை யுஎஸ்பியில் இணைக்கும் சிறு பெட்டி தனியே கிடைக்கிறது. இன்று மாலையே உங்கள் டிரைவின் ரீஜனையும் மிச்ச வாய்ப்பையும் பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி அதன் மேல் ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது அடுத்த தட்டைப் போடும்போது அந்தத் தாள் அவர்கள் கண்ணில் படட்டும்.