வீதியில் படமெடுக்க எந்த லென்சு?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

"வீதியில் நடமாடும் மக்களைப் படமெடுக்க எந்த லென்சு ஏற்றது?" புகைப்படக் கலையில் ஆர்வமுள்ள நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் போன்றோர் ஒரு லென்சு வாங்கினால், அடுத்ததை வாங்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, வகுப்பில் கற்ற இயற்பியலைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

ஏன் பிரைம் லென்சு?

குவியத் தூரம் மாறாத லென்சைப் பிரைம் லென்சு என்றும், மாற்றத்தக்கதை ஜூம் லென்சு என்றும் கூறுவர். கேமராவுடன் சேர்த்துத் தரப்படும் சாதாரண ஜூம் லென்சை முழுதும் நீட்டினால், அதன் பெருமத் துளை பெரும்பாலும் எஃப் 5.6 அளவிற்குச் சுருங்கிவிடும். விலை குறைந்த பிரைம் லென்சிலேயே எஃப் 1.8 கிடைக்கிறது. உட்புகும் ஒளி, துளை எண்ணின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால், ஏறத்தாழ 10 மடங்கு ஒளி என விடை வரும். அந்தி வேளையில் ஜூம் லென்சுக்கு 1/20 வினாடி தேவையெனில், இதற்கு 1/200 வினாடி போதும். நடப்பவர் உருவம் கலங்காது.

எத்தனை மில்லிமீட்டர்?

1925-இல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தபோது அதன் படச்சட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டிருந்தது. இன்றைய முழுச்சட்ட டிஜிட்டல் கேமராக்களுக்கும் அதுவே அளவு. கேமராவைக் கிடையாகப் பிடித்து, 170 செ.மீ. உயரமுள்ள ஒருவரைத் தலை முதல் கால் வரை சட்டத்தில் அடக்க, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? ஆளின் உயரத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி 24-ஆல் வகுக்க:

28 மி.மீ. – 2 மீட்டர்
35 மி.மீ. – 2.5 மீட்டர்
50 மி.மீ. – 3.5 மீட்டர்
85 மி.மீ. – 6 மீட்டர்

ஆக, லென்சைத் தேர்வது என்பது நாம் நிற்கும் தூரத்தைத் தேர்வதேயாகும். மதுரை மாசி வீதிகளில் மாலை நேரத்தில் 6 மீட்டர் தள்ளி நின்றால், இடையில் பத்துப் பேர் கடந்து செல்வர். குறுகிய சந்துகளிலோ அவ்வளவு தூரம் பின்வாங்கவே இடமிராது. பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்சையும், அமெரிக்கரான கேரி வினோகிராண்ட் 28 மி.மீ. லென்சையும் பயன்படுத்தினர். இருவர் படங்களும் வேறுபடுவதற்கு அவர்கள் நின்ற தூரமும் ஒரு காரணம்.

மிக நெருங்கி எடுத்தால் மூக்குப் பெரிதாகத் தெரிகிறதே என்பர் சிலர். அது லென்சின் குற்றமன்று; தூரத்தின் விளைவே.

என் தேர்வு

என் தாயார் வீதியோரம் கீரை விற்பவர். எதிர்ப்புறம் நின்று நீண்ட லென்சால் அவரைப் படமெடுத்துச் செல்வோரைக் கண்டிருக்கிறேன். "எதுக்குப்பா எடுக்குறாங்க?" என்று அம்மா என்னைத்தான் கேட்பார். எடுத்தவரைக் கேட்க அவர் அருகில் இருப்பதில்லை. 2.5 மீட்டர் என்பது, "எடுக்கலாமா அம்மா?" என்று குரலை உயர்த்தாமல் கேட்கக்கூடிய தூரம், அவர் வேண்டாமென்றால் அதுவும் நம் காதில் விழும். இதனாலேயே நான் 35 மி.மீ. லென்சைப் பரிந்துரைக்கிறேன்.

இதில் வேறொரு நன்மையும் உண்டு. எஃப் 8-இல் 3 மீட்டருக்குக் குவியப்படுத்தி வைத்தால், ஏறத்தாழ 1.9 மீட்டர் முதல் 7 மீட்டர் வரை தெளிவாக விழும். 50 மி.மீ. லென்சிலோ இத்தெளிவு 2.3 முதல் 4.2 மீட்டர் வரை மட்டுமே.

வாங்குமுன் ஒரு சோதனை

பலரிடமுள்ள கேமராக்களின் உணரி 1.5 மடங்கு சிறியது. அவற்றில் 23 அல்லது 24 மி.மீ. லென்சே 35-க்கு ஈடாகும். எனவே, உங்கள் ஜூம் லென்சை 24-இல் வைத்து, வளையம் நகராதவாறு ஒட்டுநாடா ஒட்டி, ஒரு வாரம் படமெடுங்கள். வேண்டாதவை ஓரங்களில் நிறைந்தால் உங்களுக்கு 50-க்கு ஈடானது ஏற்றது. வேண்டியவை வெட்டுப்பட்டால் 28-க்கு ஈடானது. இரண்டும் இல்லையேல் தயங்காமல் 35-க்கு ஈடானதையே வாங்கலாம். கேமரா இல்லாத நண்பர்கள் வருந்த வேண்டியதில்லை. கைப்பேசியின் முதன்மை லென்சு பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ.க்கு ஈடானது. இரண்டடி முன்னே சென்று, கேட்டு எடுத்துப் பழகுங்கள்.