ஜீப்பை உயர்த்துவது எப்படி? பாடியையா, ஸ்பிரிங்கையா?



எனக்கு ஊர் போடிநாயக்கனூர். அப்பா ஜீப் டிரைவர். விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவார். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனாலேயோ என்னவோ, போன லீவில் ஜீப் முதலாளி என்னையும் மதித்துக் கேட்டார்: "தம்பி, தோட்டத்துப் பாதையில அடி தட்டுது. மூணு இஞ்ச் தூக்கணும். ஒர்க் ஷாப்புல ரெண்டு வழி சொல்றாங்க. எது நல்லது?"

இரண்டு நாள் டைம் கேட்டேன்.

முதல் வழி பாடி லிஃப்ட். சேஸிஸ் தனி, பாடி தனி என்றிருக்கும் வண்டியில்தான் இது முடியும். இரண்டையும் போல்ட் போட்டு இணைக்கும் இடங்களில் நடுவே பிளாக் வைத்து பாடியை மட்டும் தூக்குவது. எஞ்சின், கியர் பாக்ஸ் எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். அதனால் செலவு குறைவு, புவியீர்ப்பு மையமும் அதிகம் ஏறாது. ஆனால் சேஸிஸின் அடி தரையிலிருந்து ஒரு நூல்கூட உயராது! மட்கார்டுக்குள் பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது, சஸ்பென்ஷன் லிஃப்ட். இதில் சேஸிஸே உயரும். பட்டை ஸ்பிரிங் வண்டிக்கு நம்மூரில் சுலபமாகச் செய்வது ஷாக்கிளை நீட்டுவது. இங்கே ஒரு கணக்கு உண்டு. ஷாக்கிளை 2 இஞ்ச் நீட்டினால் வண்டி சுமார் 1 இஞ்ச்தான் உயரும். ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது? கூடவே ஆக்ஸில் சாய்ந்து காஸ்டர் கோணம் மாறும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட்டின் கோணம் கூடும், பிரேக் ஹோஸ் இழுபடும். நம் மெக்கானிக்குகள் பலர் ஹோஸைப் பார்ப்பதே இல்லை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். சக்கர அகலம் 48 இஞ்ச், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 24 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். பாதி அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1. அதாவது 45 டிகிரி சாய்ந்தால் கவிழும். மையம் 3 இஞ்ச் ஏறினால் 24-ஐ 27-ஆல் வகுக்க 0.89, கோணம் 41 டிகிரி சொச்சம். இது அசையாத வண்டிக்கான ஏட்டுக் கணக்கு. ஆள் நிறைந்து, வளைவில் திரும்பும் ஜீப்புக்கு இதைவிட மிகக் குறைவு. அந்த வண்டியை ஓட்டுவது என் அப்பா.

மறுநாள் சாக்கு விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்குகள் வளைவே இல்லாமல் தட்டையாகக் கிடந்தன. ஆக்ஸிலுக்கு மேலே உள்ள பம்ப் ரப்பர்கள் நசுங்கிப் போயிருந்தன. 'அடி தட்டுது' என்று அவர் சொன்ன சத்தம் தரையில் இடித்தது அல்ல. ஆக்ஸில் சேஸிஸில் இடித்தது! டிஃபரன்ஷியலில் மட்டும் கல் உரசிய கீறல் இருந்தது. அதை இந்த இரண்டு லிஃப்ட்டும் தூக்காது; டயர் விட்டம் 2 இஞ்ச் கூடினால்தான் அது 1 இஞ்ச் உயரும். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வேறு இருக்கிறது.

"தூக்க வேண்டாம் அண்ணாச்சி. ஸ்பிரிங் செட்டைக் கழற்றி வளைவு ஏத்துங்க, உடைஞ்ச பட்டையை மாத்துங்க, பம்ப் ரப்பர் புதுசு போடுங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற அப்பா மெதுவாக, "அஞ்சு ஆளைக் குறைச்சாலும் வண்டி உசரும்ணே" என்றார்.

அதற்கு முதலாளி பதில் சொல்லவில்லை. ஸ்பிரிங் மட்டும் மறுவாரமே ஒர்க் ஷாப்புக்குப் போனது.