ஆண்டறிக்கையில் எதை எழுதுவது?

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய ஆண்டறிக்கையை முழுக்கப் படித்தேன். செயலாளர் பொறுப்பேற்ற முதல் வருடத்திலேயே சங்கத்தை இவ்வளவு சுறுசுறுப்பாக நடத்திக் காட்டியிருக்கிறாய். சந்தா பாக்கி வசூலாகியிருக்கிறது. வரவு செலவு சுத்தமாக இருக்கிறது. ‘செயல்பாடுகளும் சாதனைகளும்’ என்று தலைப்புப் போட்டு, கவியரங்கம், பட்டிமன்றம், நூல் வெளியீடு, பாராட்டு விழா என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். யார் தலைமை, யார் முன்னிலை, யாருக்கு யார் பொன்னாடை போர்த்தினார் என்பதுகூட விட்டுப்போகவில்லை. அச்சுக்குப் போகும் முன் திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு தாயி. எழுத்துப்பிழைகளை ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். நான் சொல்ல நினைப்பது வேறு.

இத்தனை பக்க அறிக்கையில் ஒரு கதையின் பெயர்கூட இல்லை. ஒரு கவிதையைப் பற்றி ஒரு வரி இல்லை. வெளியூர்க்காரர் ஒருவர் இதைப் படித்தால், இந்தச் சங்கத்தில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

விழாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்மூர் மாதிரி சின்ன ஊரில் ஒருவர் கைக்காசைப் போட்டு ஒரு கவிதைப் புத்தகம் கொண்டுவருகிறார். வீட்டில் அதை யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். சொந்தபந்தம் பார்க்க ஒருநாள் மேடையில் உட்கார வைத்து மாலை போட்டால், அந்த மரியாதை அவருக்குக் கிடைக்கட்டும். ஆனால் போன வெளியீட்டு விழாவில் வாழ்த்திப் பேசியவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தார்கள்? அட்டைப்படத்தையும் அணிந்துரையையும் தாண்டிப் போகவில்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. எழுதியவருக்கும் தெரிந்திருக்கும். பத்து வருடம் சேர்த்து வைத்து எழுதிய மனுஷன், சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது மனசு என்ன பாடுபட்டிருக்கும்!

இப்போது, நீ எழுதாமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். கார்த்திகை மாதக் கூட்டத்தில், மின்வாரியத்தில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒரு கதை வாசித்தாரே, நினைவிருக்கிறதா? அடைமழை ராத்திரியில் கம்பத்தில் ஏறி லைன் சரிசெய்கிற ஆளின் கதை. முதல் இரண்டு பக்கமும் இடி, மின்னல், இயற்கையின் சீற்றம். கடைசியில் தெருவெல்லாம் விளக்கு எரிகிறது, ஜனங்கள் அவரை வாழ்த்துகிறார்கள். எல்லாரும் கைதட்டினோம். டீக்கடை அண்ணாச்சி மட்டும், “கீழே இறங்குனதும் மொதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “கை வெறச்சுப் போயிருக்கும் அண்ணாச்சி. இடுப்புக் கயித்து முடிச்சை அவுக்க வராது. கீழே நிக்கிற ஹெல்பர்தான் அவுத்து விடணும். வாழ்த்தெல்லாம் நானாப் போட்டது. கரண்ட் வந்ததும் எல்லாரும் கதவைச் சாத்திட்டுத் தூங்கப் போயிருவாங்க.”

“அதை எழுதலையே நீங்க” என்றார் அண்ணாச்சி.

தை மாதம் அதே கதையைத் திருத்திக்கொண்டு வந்தார். மழை நாலு வரியில் முடிந்துவிட்டது. முடிச்சை அவிழ்க்க முடியாத விரல்களில் கதை ஆரம்பித்தது. ஹெல்பர் பையன் பல்லால் கடித்து அந்த முடிச்சை இழுக்கிற இடத்தை அவர் வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த வருடம் நம் சங்கம் செய்த ஆகப் பெரிய காரியம் இதுதான் என்று நான் நம்புகிறேன். உன் அறிக்கையில் அந்த இரண்டு மாதங்களுக்கும் நேரே, ‘மாதாந்திரக் கூட்டம் நடைபெற்றது, தேநீர் வழங்கப்பட்டது’ என்று மட்டும் இருக்கிறது.

எழுதத் தெரிந்தவர்கள் கூடுகிற இடம் என்றுதான் நாம் எழுத்தாளர் சங்கத்தை நினைக்கிறோம். படிக்கத் தெரிந்தவர்களும் கேட்கத் தெரிந்தவர்களும் இல்லாமல் அப்படி ஓர் இடம் ஒருநாளும் நிலைத்ததில்லை. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தமிழறிஞர் டி.கே.சி. வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டியை எடுத்துக்கொள். அங்கே நடந்தது முழுக்கப் படிக்கிற காரியம்தான். கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் உயிர் இருக்கிறது என்று பார்த்தார்கள். தமிழை அனுபவிக்க அங்கே பழகியவர்கள் பிறகு நல்ல உரைநடையும் எழுதினார்கள்.

சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால்தான் சங்கத்தைப் பதிய முடியும். இலக்கியத்துக்கு இரண்டு பேரே போதும் என்பதற்கு நம் கரிசல் பக்கத்திலேயே சாட்சி உண்டு. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் 1923ஆம் வருடம், ஒரே செப்டம்பர் மாதத்தில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து சங்கீதம் கேட்டார்கள். அழகிரிசாமி பிழைப்புக்குச் சென்னைக்குப் போன பிறகு கடிதத்தில் பேசிக்கொண்டார்கள். அழகிரிசாமி இளமையிலேயே கதையில் இறங்கிவிட்டார். கி.ரா.வின் ‘மாயமான்’ கதை ‘சரஸ்வதி’ இதழில் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டியிருக்கும். அதுவரை அவர் விவசாயி, நல்ல வாசகர், நல்ல பேச்சுக்காரர். அத்தனை வருடம் ஒரு நண்பனின் எழுத்தைக் கூடவே இருந்து படித்தவர் பேனாவை எடுத்தபோது என்ன வந்தது என்று உனக்கே தெரியும். 1970இல் அழகிரிசாமிக்கும் 1991இல் கி.ரா.வுக்கும் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அடுத்த தலைமுறையில் கோவில்பட்டியே ஒரு பெரிய சபை ஆனது. 1970களிலும் 80களிலும் கவிஞர் தேவதச்சனின் நகைக்கடையிலும் காந்தி மைதானத்திலும் கூடிப் பேசியவர்களைப் பார். பஞ்சாலையில் வேலை பார்த்த சோ. தர்மன், தபால் துறையில் இருந்த ச. தமிழ்ச்செல்வன், ரயில்வேயில் இருந்த உதயசங்கர், ‘கல்குதிரை’ இதழ் நடத்திய கோணங்கி. கூட்டுறவுத் துறையில் இருந்த பூமணியும் அந்த மண்ணின் ஆள்தான். கட்சியில் வேறுபட்டவர்கள், ரசனையில் அதைவிட வேறுபட்டவர்கள். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பிடிக்காததை விடிய விடியப் பேசித் தீர்த்தார்கள். 2014இல் பூமணிக்கும் 2019இல் தர்மனுக்கும் அகாதெமி விருது வந்தது. பரிசு வந்ததால் அவர்கள் பெரியவர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பேச்சு வெட்டிப்பேச்சு இல்லை என்று ஊருக்குச் சொல்ல அது உதவும், அவ்வளவுதான்.

இதில் எனக்கு ஒரு பெரிய ஆதங்கம் உண்டு. அந்த ராத்திரிப் பேச்சு ஆண்களுக்குக் கிடைத்தது. உன் வயதில் இருந்த என்னைப் போன்ற பெண்கள் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். மைதானத்தில் எங்களுக்கு இடம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த வீட்டில் எங்களை விட்டிருப்பார்கள்? இன்றைக்கும் நம் சங்கக் கூட்டம் ஏழு மணிக்குத்தான் தொடங்குகிறது. பெண் உறுப்பினர்கள் எட்டு மணிக்கு பஸ்ஸைப் பார்த்து எழுந்து போகிறார்கள். நல்ல பேச்சு எட்டரைக்கு மேல்தான் சூடு பிடிக்கிறது. ஒரு பெண் செயலாளராக வந்த பிறகும் இது மாறவில்லை என்றால் எப்படி? ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மாற்று. கிளை நூலகம் ஞாயிறன்றும் திறந்திருக்கும். நூலகரிடம் முறையாகக் கடிதம் கொடுத்துக் கேள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அழைப்பிதழிலேயே போடு.

வை.மு. கோதைநாயகி அம்மாளை நினைத்துக்கொள். பள்ளிக்கூடம் போகாதவர். தன் முதல் நாடகமான ‘இந்திர மோகனா’வை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தார். பிறகு 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையைக் கையில் எடுத்து, முப்பத்தைந்து வருடம்போல நடத்தி, நூற்றுக்கும் மேல் நாவல் எழுதினார். பட்டம்மாள் செய்ததைச் செய்ய நம் சங்கத்தில் இன்றைக்கும் இடம் இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அக்கா ஒருத்தர் அருமையாகக் கதை சொல்கிறார், எழுதத் தயங்குகிறார் என்று நீயே ஒருமுறை சொன்னாய். நீ போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதேன். அவர் சொல்வதை இலக்கணத் தமிழாக்கிவிடாமல் சொன்னபடியே எழுது.

தொகுப்பு நூல் விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு இவ்வளவு பணம் கட்டினால் இத்தனை பக்கம் என்று நிர்வாகக் குழுவில் முடிவாகியிருப்பதாக எழுதியிருந்தாய். எனக்கு இது பிடிக்கவில்லை. யாரும் தேர்ந்தெடுக்காத கதையை யாரும் படிக்கவும் மாட்டார்கள். சென்னையில் 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு என்ன செய்தது? பத்திரிகைகளில் வரும் கதைகளை மாதாமாதம் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு கதை. அதில் ஒன்று ஆண்டின் சிறந்த கதை. பன்னிரண்டும் சேர்ந்து ஒரு புத்தகம். கதை எழுதியவர் எந்த ஊர், தெரிந்தவரா தெரியாதவரா என்ற கேள்வியே இல்லை. எங்கோ ஒரு ஊரில் முதல் கதை எழுதிய பையன், தன்னை முன்பின் தெரியாத ஆட்கள் உட்கார்ந்து படித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டால் அவனுக்கு எவ்வளவு தெம்பு வந்திருக்கும்! நாமும் அப்படிச் செய்யலாம். வருடம் முழுக்க வாசித்தவற்றில் ஏழெட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, பொதுப் பணத்தில் சின்னதாக ஒரு புத்தகம் போடு. இடம் கிடைக்காதவர்கள் கோபப்படுவார்கள். நிர்வாகிகளே கோபப்படுவார்கள். தாங்கிக்கொள். தேவைப்பட்டால் பழியை என்மேல் போடு.

இன்னும் இரண்டு ஊரைச் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் 1950இல் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ என்று ஒன்றை நடத்தினார்கள். பாடமும் பயிற்சியும் பத்திரிகையிலேயே வரும். வாசகர்கள் கதை எழுதி அனுப்ப, இவர்கள் குறை நிறை சொன்னார்கள். அங்கே கதை எழுத வந்த ஒரு தலைமுறையே அதில் தேறியது. யாழ்ப்பாணத்தில் 1943இல் தொடங்கிய மறுமலர்ச்சிச் சங்கத்தின் பத்திரிகை 1946இல் வந்து 1948இல் நின்றுவிட்டது. ஆனால் அதில் எழுதிய வரதர், அ.செ. முருகானந்தன், மஹாகவி போன்றவர்களை வைத்து ஈழத்து இலக்கியத்தில் ஒரு காலத்தையே ‘மறுமலர்ச்சிக் காலம்’ என்கிறார்கள். ஆகவே, நம் சங்கம் நடத்திய இதழ் மூன்றோடு நின்றுவிட்டதே என்று நீ அறிக்கையில் வருத்தம் தெரிவித்திருக்க வேண்டியதில்லை. அந்த மூன்று இதழில் என்ன வந்தது என்று எழுதியிருக்கலாம்.

அறிக்கையை இப்படி மாற்று. மாதவாரியாக, வாசிக்கப்பட்ட கதை, கவிதைகளின் பெயரைப் போடு. எழுதியவர் பெயரைப் போடு. என்ன பேசினார்கள் என்று இரண்டு வரி எழுது. திருத்தப்பட்டது எது, அச்சில் வந்தது எது என்று குறி. சங்கம் சேர்ந்து படித்த புத்தகங்களையும் எழுது. விழாக்களை ஒரு பத்தியில் முடித்துவிடு. முன்னிலை வகித்தவர்களின் பெயர் குறைந்தால் சண்டை வரும் என்றால், கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி எல்லாப் பெயரையும் போட்டுவிடு.

அடுத்த வருடத் திட்டம் என்ற பகுதி காலியாக இருக்கிறது. கி.ரா. கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதி போட்டார். பிறகு இந்த வட்டாரத்து எழுத்தாளர்களின் கதைகளைச் சேர்த்து ‘கரிசல் கதைகள்’ கொண்டுவந்தார். நம் ஊரிலும் எழுதி வைக்க வேண்டியது நிறைய இருக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற சட்டத்துக்கும் பெட்டி ஒட்டுகிற வேலைக்கும் பெண்கள் சொல்கிற பெயர்கள் அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. மிஷின் வந்துவிட்டது, கைவேலை குறைந்துவிட்டது. ஆளுக்கு ஒரு தொழிலைப் பிரித்துக் கொடு. மின்வாரியக்காரர் தன் தொழில் சொற்களை எழுதட்டும், அண்ணாச்சி தன் கடைச் சொற்களை எழுதட்டும்.

ஒன்று விட்டுப்போனது. செயலாளர் ஆன பிறகு நீ ஒரு கதைகூட வாசிக்கவில்லை. மைக் செட்டுக்குச் சொல்வதும் அழைப்பிதழ் கொடுப்பதுமாக வருடம் ஓடிவிட்டது. உன் பாட்டி கிணற்றடி வழக்குக்காகக் கோர்ட்டுக்கு நடந்த கதையை எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். பாதியில் நிற்கிறது என்றால் பாதியையே கொண்டுவா. அடுத்த கூட்டத்தில் வாசிப்போர் பட்டியலில் உன் பெயரை முதலில் போட்டுக்கொள். வழக்குக் கட்டு பரண்மேல் உங்கள் அப்பா வைத்திருக்கும் தகரப்பெட்டியில் இருக்கிறது. அதில் தேதிகளைச் சரிபார்த்துவிட்டு வா, ஏனென்றால் நான் கேட்பேன்.

அன்புடன்,
அத்தை