வீட்டில் விளையும் அதபு

பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றும் ‘ஃபித்ரத்’ எனும் தூய இயல்பிலேயே பிறக்கிறது. பின்னர் அதன் தாய் தந்தையரே அதனை வேறு வழியில் திருப்பி விடுகின்றனர். இக்கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. நாம் இதனைப் பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். பிற சமயத்தாரைக் குறித்த செய்தி என்று எண்ணிக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறோம். உண்மையில் அந்த ஹதீஸ் நம் வீட்டு வாசலில் நின்று நம்மைத்தான் கேட்கிறது: “உன் கையில் தரப்பட்ட இந்தத் தூய உள்ளத்தை நீ என்ன செய்தாய்?”

ஒரு மனிதன் பேசும் முறை, உண்ணும் முறை, பெரியோர் முன் நிற்கும் நிலை, கோபம் வரும்போது அவன் நாவிலிருந்து புறப்படும் சொல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அவனுடைய பண்பாடு. மார்க்க வழக்கில் இதனை ‘அதபு’ என்கிறோம். இது கடையில் வாங்கும் பொருளன்று. குடும்பம் விதைக்கிறது, முன்னோர் வழக்கம் உரமிடுகிறது, வளர்ப்பு நீர் பாய்ச்சுகிறது.

மூன்று சொல், ஓர் ஆயுள்

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகனார் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டிலேயே வளர்ந்தவர்கள். சிறு பிள்ளையாக இருந்தபோது உணவுத் தட்டில் அவர்களது கை அங்குமிங்கும் அலைந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதட்டவில்லை. கையைத் தட்டிவிடவும் இல்லை. அல்லாஹ்வின் பெயர் கூறு, வலக்கையால் சாப்பிடு, உனக்கு அருகிலுள்ளதைச் சாப்பிடு என்று மூன்றே செய்திகளைச் சொன்னார்கள். அதற்குப் பின் தாம் உண்ணும் முறை அவ்வாறே அமைந்துவிட்டதாக அந்த ஸஹாபி பிற்காலத்தில் கூறினார்கள்.

கவனியுங்கள். இந்தப் பாடம் நடந்த இடம் சாப்பாட்டுத் தட்டு. ஆசிரியர், பிள்ளையோடு ஒரே தட்டில் அமர்ந்து உண்டு கொண்டிருந்தார்கள். இன்று நம் வீடுகளில் வாப்பா ஒரு நேரம், உம்மா ஒரு நேரம், பிள்ளை கைப்பேசியைப் பார்த்தபடி ஒரு நேரம் என்று சாப்பாடு நடக்கிறது. தட்டு தனித்தனியானால் பாடம் எங்கே நடக்கும்?

வழிவழி வந்த ஸலாம்

பாரம்பரியம் என்றால் என்ன என்பதற்கு ஸஹீஹ் முஸ்லிமில் அழகிய சான்று ஒன்று உண்டு. ஸய்யார் என்பவர் தம் ஆசிரியர் தாபித் அல்புனானீ அவர்களுடன் நடந்து செல்கிறார். வழியில் சிறுவர்களைக் கண்ட ஆசிரியர் அவர்களுக்கு ஸலாம் சொல்கிறார். தாம் அனஸ் (ரலி) அவர்களுடன் நடந்தபோது அவர்கள் சிறுவர்களுக்கு ஸலாம் கூறியதாகத் தாபித் சொல்கிறார். தாம் நபி (ஸல்) அவர்களுடன் நடந்தபோது அவர்கள் அவ்வாறு ஸலாம் கூறியதாக அனஸ் (ரலி) சொல்லியிருக்கிறார்கள். ஸனது வழியே ஹதீஸின் வாசகம் மட்டும் வரவில்லை. நடையும் ஸலாமும் சிறுவர் மீதுள்ள அன்பும் சேர்ந்தே வந்தன.

அந்த அனஸ் (ரலி) அவர்களைப் பத்து வயதில் நபியவர்களின் பணிக்கென ஒப்படைத்தவர் யார்? அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களே. ஒரு தாய் செய்த முடிவின் பலனை இன்றுவரை உம்மத் அனுபவிக்கிறது. ஹிஜ்ரி 150-ல் பிறந்து தந்தையை இழந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைச் சிறு குழந்தையாக மக்காவுக்குக் கொண்டு வந்து, வறுமையிலும் ஓத வைத்தவரும் அவர்களது தாயாரே.

வம்சம் மட்டும் போதுமா?

அப்படியானால் நல்ல குடும்பத்தில் பிறந்துவிட்டால் போதுமா? போதாது. நூஹ் (அலை) அவர்களின் மகன் நபியின் வீட்டில் பிறந்தும் கப்பலில் ஏறவில்லை. சிலை வணங்கிய தந்தையின் வீட்டிலிருந்து இப்ராஹீம் (அலை) அவர்கள் தவ்ஹீதின் தலைவராக எழுந்தார்கள். ஃபிர்அவ்னின் மாளிகையிலேயே ஆசியா (அலை) அவர்கள் ஈமானைக் காத்தார்கள். அமல் ஒருவனைப் பின்தள்ளினால் வம்சம் அவனை முன்னே கொண்டு சேர்க்காது என்பது நபிமொழியின் கருத்து. ஆகவே, “எங்கள் அப்பா ஹாஜியார், பாட்டனார் ஆலிம்” என்று பெருமை பேசுவோர், தாம் யார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முன்னோர் வழக்கம் அனைத்தும் நல்லவையுமல்ல. முன்னோர் செய்தனர் என்பதையே சான்றாகக் காட்டியோரைக் குர்ஆன் கண்டிக்கிறது. பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்குவதும் ‘பரம்பரை வழக்கம்’ என்ற பெயரில்தான் நம்மிடையே புகுந்து நிற்கிறது. மஹர் கொடுக்க வேண்டியவன் கை நீட்டி வாங்குவது எந்த மார்க்கம்? ஷரீஅத் எனும் சல்லடையில் பாரம்பரியத்தைச் சலித்து, தங்குவதை வைத்துக்கொண்டு, உதிர்வதை விட்டுவிட வேண்டும்.

நமக்குக் கிடைத்த பாடம்

இங்கே நம் சொந்த வாழ்வில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மதரஸாவில் ஏழாண்டுகள் ஓதி, ஸனது பெற்று ஊர் திரும்பிய புதிது. நம் தாயின் தாயார், உம்மம்மா, வீட்டில் பெண்கள் சிலருடன் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள. அல்ஹம்து சூராவில் ஓர் எழுத்தைத் தவறாக உச்சரித்தார்கள். நாம் அத்தனை பேர் முன்னிலையிலும், “இப்படி ஓதினால் பொருளே மாறிவிடும்” என்று உரத்துச் சொல்லிவிட்டோம். வீடு அமைதியாகிவிட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் சுப்ஹுக்குப் பின் முஸ்ஹஃபைக் கையில் ஏந்தி, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, நம் எதிரே வந்து அமர்ந்தார்கள். “எந்த எழுத்துன்னு சொல்லித்தா வாப்பா, மௌத்துக்கு முன்னாலே திருத்திக்கிறேன்” என்றார்கள். அவர்களுக்கு வயது எழுபதுக்கு மேல். நமக்கு அலிஃப் பே சொல்லித் தந்ததே அவர்கள்தாம்.

நாம் சுட்டிய பிழை சரியானதே. சுட்டிய விதம் பிழையானது. உஸ்தாது முன் எப்படி அமர வேண்டும் என்று கிதாபில் ஓதி வந்தவர்கள் நாம்; அப்படி அமர்ந்து காட்டியவர்கள் அவர்கள். இல்மை மதரஸாவில் பெற்றோம். அதபு வீட்டில் காத்திருந்தது. அதைக் காண நமக்குத்தான் கண் இல்லை.

பெட்டியில் உறங்கும் கிதாப்

உம்மம்மா மௌத்தான பின் அவர்கள் பெட்டியில் அரபுத் தமிழ் கிதாப் ஒன்று இருந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதி, தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளியிட்ட புதிய எழுத்துகளை அமைத்து நம் முன்னோர் உருவாக்கிய முறை அது. கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) அவர்கள் ‘ஃபத்ஹுத் தய்யான்’ எனும் மார்க்கச் சட்ட நூலை இவ்வெழுத்திலேயே எழுதினார்கள். பள்ளிக்கூடம் காணாத பெண்களும் இதன் வழியே தொழுகை, நோன்பின் சட்டங்களை அறிந்திருந்தனர். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியவில்லை. எழுத்து போனது ஓர் இழப்பு. அதனை மடியில் வைத்துப் பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மாலைப்பொழுதும் உடன் போய்விட்டதே, அது பேரிழப்பு அல்லவா?

இனி நாம் செய்ய வேண்டியவை

1. நாளுக்கு ஒருவேளையேனும் குடும்பத்தோடு அமர்ந்து உண்போம். பிஸ்மியைப் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்வோம்.

2. வெளியிலிருந்து வந்தால் நம் வீட்டாருக்கும் ஸலாம் சொல்வோம். பிள்ளை முதலில் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

3. சுன்னத்தான தொழுகைகளில் சிலவற்றை வீட்டில் தொழுவோம். வாப்பா தொழுவதைக் காணாத பிள்ளையிடம் ஏழு வயதில் தொழச் சொன்னால் அது எங்ஙனம் புரிந்துகொள்ளும்?

4. பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டாம். ஏதோ தருவதாகக் கூறி மகனை அழைத்த தாயிடம், என்ன தரப்போகிறாய் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றதும், ஒன்றும் தராதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என எச்சரித்தார்கள்.

5. வீட்டிலுள்ள முதியோரிடம் பிள்ளைகளை அமர வைப்போம். அவர்களின் தவறைத் திருத்த நேர்ந்தால் தனிமையில், தாழ்ந்த குரலில் திருத்துவோம்.

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசம் இணைவைக்காதே என்று தொடங்கி, குரலைத் தாழ்த்திப் பேசு என்று முடிவதைக் குர்ஆனில் காண்கிறோம். ஈமானில் தொடங்கியது குரலில் வந்து முடிகிறது. நம் வீட்டில் குரல் எப்படி இருக்கிறது என்று இன்று மஃரிபுக்குப் பின் சற்று செவிசாய்ப்போம்.

வல்ல அல்லாஹ் நம் முன்னோரின் கப்ருகளை ஒளிமயமாக்கி, நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.