கட்டி வைத்த விடைத்தாள்கள்

1967ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், புதுச்சேரி அரவிந்தர் பன்னாட்டுக் கல்வி மையத்தில் தேர்வெழுதிய மாணவருள் சிலர் பார்த்து எழுதிவிட்டனர் என்னும் செய்தி, அதனை நிறுவிய அன்னையின் கவனத்திற்கு வந்தது. தவறிழைத்தவரைத் தண்டிப்பதே பள்ளிகளின் வழக்கம். அன்னையின் முடிவோ வேறாக இருந்தது. அத்தேர்வும் செல்லாது, இனி வரும் தேர்வுகளும் வேண்டா. விடைத்தாள்களை, நடவாத ஒன்றைப்போலக் கட்டி வைத்துவிட்டு வகுப்புகளை அமைதியாகத் தொடருமாறு அவர் எழுதினார். ஆண்டிறுதி மதிப்பீட்டை மாணவரின் நடத்தை, மன ஒருமைப்பாடு, ஒழுங்கு, விரைந்து புரிந்துகொள்ளும் திறன் ஆகியவற்றைக் கொண்டு செய்யவேண்டும் என்றார். கூர்ந்து நோக்கலையும் நடுவுநிலைமையையும் ஆசிரியர் தமக்குரிய பயிற்சியாகக் கொள்ளவேண்டும் என்பதும் அவர் கருத்து. தவறு மாணவருடையது, பயிற்சியோ ஆசிரியருக்கும் சேர்த்து விதிக்கப்பட்டது!

அன்னை எனப்பெற்ற மிரா அல்ஃபாசா 1878இல் பாரிசில் பிறந்தவர். 1920 முதல் புதுச்சேரியிலேயே தங்கியவர். இரண்டாம் உலகப்போரின்போது அடியவர் குடும்பங்கள் ஆசிரமத்தில் அடைக்கலம் புகுந்தன. அவர்தம் பிள்ளைகளுக்காக 1943 டிசம்பர் 2ஆம் நாள் ஏறத்தாழ இருபது மாணவருடன் பள்ளி தொடங்கப்பெற்றது. அன்னையும் அதில் பாடம் நடத்தினார். 1952இல் அது பல்கலைக்கழக மையமாக விரிந்தது. 1959இல் இன்றைய பெயரைப் பெற்றது.

எதையும் புறத்திலிருந்து கற்பித்துவிட இயலாது. ஆசிரியர் வழிகாட்டியே என்பது அரவிந்தர் முன்வைத்த கொள்கை. அதனை வகுப்பறைக்குக் கொண்டுவந்த முறைக்குச் 'சுதந்திர முன்னேற்றம்' என்று பெயர். மாணவர் தமக்குரிய பொருளைத் தேர்ந்து, தாமே திட்டமிட்டு, தம் வேகத்தில் பயில்வர். ஆசிரியர் பயிற்சித்தாள்களை ஆயத்தம் செய்து, ஐயம் எழும்போது துணைநிற்பார்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை, ஆசிரியருக்கு மிகக் கடினமானது. ஒரே பாடத்தை நாற்பது நிமிடம் விளக்கிச் செல்வதினும், ஒவ்வொரு மாணவரும் எந்நிலையில் உள்ளார் என அறிந்து தனித்தனியே பணி அமைப்பது பெரும் உழைப்பைக் கோருவது. பேசவேண்டிய இடத்தைக் காட்டிலும் பேசாதிருக்கவேண்டிய இடத்தை அறிவது இன்னும் அரிது. பிள்ளைகள் ஓயாது பேசுகின்றனர், கவனியாது இருக்கின்றனர், சோம்புகின்றனர் என்றெல்லாம் ஆசிரியர்கள் அன்னைக்கு எழுதினர். அவற்றுள் பலவற்றிற்கு ஓரிரு வரிகளிலேயே விடை வந்தது. கடுமையால் அன்று, தன்னடக்கத்தாலேயே பிள்ளைகளை நெறிப்படுத்த முடியும் என்பதே அவ்விடைகளின் சாரம். தாம் கடைப்பிடியாத ஒழுங்கை மாணவரிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது என அவர் கருதினார்.

சுற்றறிக்கை ஒன்றினால் பாடத்திட்டத்தை மாற்றிவிடலாம். ஆசிரியரின் மனப்பாங்கை அவ்வாறு மாற்ற இயலுமா? அன்னையின் சொல்லுக்கு அங்கு மறுப்பேது? ஆயினும் பள்ளி முழுவதும் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை. வழக்கமான வகுப்புமுறையும் புதிய முறையும் அருகருகே இயங்கின. ஆசிரியரின் வினாக்களுக்குப் பொறுமையுடன் விடையெழுதிய அந்தத் தாள்களே, ஆணைகளைக் காட்டிலும் அவரது தலைமையை நன்கு உணர்த்துவன.

இம்முறையை அப்படியே அரசுப்பள்ளி ஒன்றிற்குப் பெயர்த்து நடுதல் எளிதன்று. அங்குள்ள ஆசிரியர்கள் ஊதியத்திற்காகப் பணியாற்றுவோர் அல்லர். கற்பித்தலைத் தம் ஆன்மிகப் பயிற்சியாகவே ஏற்றவர்கள். வகுப்புகளும் சிறியன. பொதுத்தேர்வு மதிப்பெண் கேட்டு வாயிலில் நிற்கும் பெற்றோரும் அங்கில்லை. எனினும் அதற்குரிய விலையை அம்மாணவர் செலுத்தவே செய்கின்றனர். அம்மையம் பட்டமோ சான்றிதழ்ப் படிப்போ வழங்குவதில்லை. அங்குப் பயின்று வெளியேறும் இளைஞர், உயர்கல்வி நிறுவனத்தின் முன்னோ பணி தருவோர் முன்னோ, தாம் கற்றதைத் தம் திறத்தாலேயே மெய்ப்பிக்கவேண்டியுள்ளது.